அழித்த பிறகும் டிஸ்க் ஏன் காலியாவதில்லை?

2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகள் நின்றுபோயின. அதற்கு முந்தைய ஆண்டு ஓர் உதிரிபாக சப்ளையர் மீது நடந்த சைபர் தாக்குதலால் மார்ச்சில் இதே 14 ஆலைகள் ஒரு நாள் மூடிக்கிடந்ததால், இதுவும் அப்படித்தான் என்று பலரும் நினைத்தார்கள். செப்டம்பர் 6-இல் டொயோட்டா சொன்ன காரணம் வேறு. ஆகஸ்ட் 27-இல் வழக்கமான பராமரிப்பு நடந்தது, டேட்டாபேஸில் சேர்ந்திருந்த தரவை அழித்து ஒழுங்குபடுத்தினார்கள், அந்த வேலையின்போது டிஸ்கில் இடம் போதாமல் பிழை வந்து சிஸ்டம் நின்றுவிட்டது. மாற்று ஏற்பாடும் அதே சிஸ்டத்தில் ஓடியதால் அதுவும் அதே மாதிரி விழுந்தது. கடைசியில் பெரிய டிஸ்க் உள்ள ஒரு சர்வருக்குத் தரவை மாற்றித்தான் மீண்டார்கள்.

இதைப் படித்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: அழிக்கும்போது இடம் கூடத்தானே வேண்டும், எப்படிப் போதாமல் போகும்?

சின்ன அளவில் இதே குழப்பம் லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும் ஒருநாள் வரும். இடமில்லை என்று பிழை வருகிறது, தேடிப்பிடித்து 40 ஜிபி லாக் (புரோகிராம் எழுதிக்கொண்டே போகும் பதிவேடு) ஒன்றை அழிக்கிறோம், திரும்பிப் பார்த்தால் டிஸ்க் இன்னும் 100 சதவீதத்தில் நிற்கிறது. அழித்த கோப்பும் இல்லை, இடமும் இல்லை. ஏன் என்று புரிய யூனிக்ஸில் "அழிப்பது" என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். (கட்டளைகளை வாயால் சொல்லும் விதத்தில் தமிழிலேயே எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கவும், பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.)

பெயர் வேறு, கோப்பு வேறு

1969-இல் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸில் ஆரம்பம் முதலே இருக்கிற ஒரு ஏற்பாடு இது. ஒரு கோப்பு என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று பொருள்கள்.

1. தரவு. டிஸ்கில் பிளாக்குகளாகக் கிடப்பது. இடத்தைப் பிடிப்பது இதுதான்.
2. ஐநோடு. அந்தத் தரவு எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது, யாருக்குச் சொந்தம், என்ன அனுமதி, எவ்வளவு நீளம் என்ற விவரமெல்லாம் உள்ள சிறு பதிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. கோப்பின் பெயர் இதில் இருக்காது, இதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி.
3. பெயர். டைரக்டரி என்பது "இந்தப் பெயர், இந்த ஐநோடு எண்" என்று இரண்டு பத்தி போட்ட பட்டியல். அவ்வளவுதான்.

எல்எஸ் -ஐ என்று அடித்தால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அந்த எண் தெரியும். ஒரே ஐநோடுக்கு இரண்டு பெயர், பத்துப் பெயர்கூட இருக்கலாம், அதுதான் ஹார்டு லிங்க். தனக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்ற கணக்கை ஐநோடு வைத்திருக்கும்.

கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை செய்வது பட்டியலில் ஒரு வரியை அடிப்பது, ஐநோடில் பெயர்க் கணக்கை ஒன்று குறைப்பது, இரண்டே வேலை. அதற்குள்ளே இருக்கும் சிஸ்டம் காலின் பெயரே அன்லிங்க்தான், டெலிட் இல்லை. தரவை விடுவிப்பது கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முடிவு. அதற்கு இரண்டு நிபந்தனை உண்டு: பெயர்க் கணக்கு பூஜ்யமாக வேண்டும், அதோடு எந்த புராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கக் கூடாது. வாக்காளர் பட்டியலில் பெயரை அடித்தால் ஆள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடுவதில்லை, அதே கதைதான்.

கோளாறு போலத் தெரிந்தாலும் நமக்கு இதனால் வசதிதான் அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமை நிறுத்தாமலே புதிய பதிப்பை நிறுவ முடிவது இதனால்தான்: பழைய கோப்பின் பெயர் போய் அந்த இடத்தில் புதிய கோப்பு வருகிறது, பழையதைத் திறந்து வைத்திருப்பவருக்குப் பழையது அப்படியே கிடைக்கிறது. அந்த வசதிக்குள்ளேயே ஒரு பொறியும் இருக்கிறது. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோது லைப்ரரியை அப்டேட் செய்தால் மட்டும் போதவில்லை, சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்யாதவரை அவை பெயர் அழிந்த பழைய லைப்ரரியைத்தான் நினைவகத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும். டெபியன், உபுண்டுவில் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி, எந்தெந்த சர்வீஸ் இப்படிப் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும். அப்டேட் போட்டதும் அதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

கோப்பை நகர்த்தும் எம்வி கட்டளையும் இதே வகைதான். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் நகர்த்தினால் பெயர் மட்டும் மாறும். 40 ஜிபி கோப்பும் ஒரு நொடியில் "நகர்ந்துவிடும்", இடம் ஒரு பைட்டும் கூடாது. வேறு டிஸ்குக்கு நகர்த்தினால்தான் உண்மையில் நகலெடுத்து, பழையதை அன்லிங்க் செய்கிறது.

டிஎஃப் ஒரு கணக்கு, டியூ ஒரு கணக்கு

இடத்தைப் பார்க்க இரண்டு கட்டளை உண்டு, இரண்டும் இரண்டு வெவ்வேறு ஆட்களிடம் விசாரிக்கின்றன.

டிஎஃப் நேராக ஃபைல்சிஸ்டத்திடம் கேட்கும்: மொத்தம் எத்தனை பிளாக், எத்தனை காலி? உடனே பதில் வரும். பெயரைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. டியூ அப்படியில்லை, டைரக்டரி டைரக்டரியாக நடந்து, கண்ணில் படுகிற பெயர் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பிளாக் என்று கேட்டுக் கூட்டும். அதனால் நேரமாகும். பெயரில்லாதது எதுவும் அதன் கண்ணில் படாது.

டிஎஃப் 95 ஜிபி என்கிறது, டியூ 55 ஜிபி என்கிறது என்றால் இரண்டில் எதுவும் பொய் சொல்லவில்லை. அந்த 40 ஜிபி வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு வழக்கமான இடங்கள்:

1. பெயர் போயும் யாரோ திறந்து வைத்திருக்கிற கோப்பு. பெரும்பாலும் இதுதான்.
2. மவுண்டுக்கு அடியில் புதைந்த கோப்புகள். /டேட்டா என்ற டைரக்டரியில் ஒரு தனி டிஸ்க் மவுண்ட் ஆக, அதாவது இணைக்கப்பட, வேண்டும். ஒருநாள் அது மவுண்ட் ஆகவில்லை. பேக்கப் ஸ்கிரிப்ட் அது தெரியாமல் ரூட் டிஸ்கிலேயே 40 ஜிபி எழுதிவிட்டது. அடுத்த நாள் டிஸ்க் மவுண்ட் ஆனதும் அந்த 40 ஜிபி அதற்கு அடியில் மறைந்துபோனது. பெயர் இருக்கிறது, ஆனால் போய்ச் சேர வழியில்லை. ரூட்டை வேறொரு இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்து (மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி) அதன் உள்ளே டியூ ஓட்டினால் தெரியும், ஏனென்றால் பைண்ட் மவுண்டில் மேலே ஏறியிருக்கும் மற்ற மவுண்டுகள் கூட வருவதில்லை.
3. டியூவை ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமல் ஓட்டியது. உள்ளே போக முடியாத டைரக்டரிகளைக் கூட்டாமல் விட்டுவிடும். பிழைச் செய்திகளை டெவ்நல்லுக்கு (வந்ததையெல்லாம் விழுங்கிவிடும் இடம்) அனுப்பிப் பழகியவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள்.
4. ஸ்னாப்ஷாட், அதாவது ஃபைல்சிஸ்டம் ஒரு நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற ஃபைல்சிஸ்டங்களில் ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு அழித்த கோப்பின் பிளாக்குகளை அந்த ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும். ஸ்னாப்ஷாட்டை நீக்கினால்தான் இடம் திரும்பும்.

தலைகீழ் ஆச்சரியமும் உண்டு: ஹார்டு லிங்க் முறையில் தினசரி பேக்கப் எடுப்பவர்கள் (ஆர்சிங்க்கில் லிங்க்-டெஸ்ட் போடுகிறவர்கள்) ஒரு மாதப் பழைய பேக்கப் டைரக்டரியை முழுசாக அழித்தாலும் இடம் துளிதான் கூடும், ஏனென்றால் அதிலிருந்த கோப்புகளுக்கு மற்ற நாட்களின் டைரக்டரிகளில் இன்னும் பெயர் இருக்கிறது.

பெயர் இல்லாத கோப்பைப் பிடிப்பது

பர்டியூ பல்கலைக்கழகத்தில் விக் ஏபெல் எழுதிய எல்எஸ்ஓஎஃப் கருவி, எந்த புராசஸ் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று பட்டியலிடும். அதில் +எல்1 என்று கொடுத்தால் (இந்த எல் பெரிய எழுத்து) பெயர்க் கணக்கு ஒன்றுக்கும் குறைவான, அதாவது பூஜ்யமான கோப்புகளை மட்டும் காட்டும். வெளியீட்டில் மூன்று பத்தி முக்கியம்: புராசஸ் எண், கோப்பைக் குறிக்கும் எண் (3டபிள்யூ என்பது மாதிரி இருக்கும்), அளவு. 40 ஜிபி அங்கே உட்கார்ந்திருக்கும்.

எல்எஸ்ஓஎஃப் நிறுவியிருக்கவில்லை, டிஸ்க் நிரம்பியதால் நிறுவவும் முடியவில்லை என்றால் என்ன செய்வது? லினக்ஸில் /ப்ராக் அடியில் ஒவ்வொரு புராசஸ் எண்ணுக்கும் ஒரு டைரக்டரி, அதனுள் எஃப்டி என்ற டைரக்டரி உண்டு. திறந்திருக்கும் கோப்புகளெல்லாம் அங்கே லிங்க்குகளாகத் தெரியும், பெயர் போனவற்றுக்குப் பின்னால் "டெலிட்டட்" என்று கெர்னலே எழுதி வைத்திருக்கும். அதை எல்எஸ் -எல் செய்து, கிரெப் கட்டளையால் அந்தச் சொல்லைத் தேடினால் போதும்.

பிடித்துவிட்டோம். இனி இரண்டு வழி.

ஒன்று, அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது. புராசஸ் சாகும்போது திறந்த கோப்பெல்லாம் மூடப்படும், இடம் அந்த நொடியே திரும்பும். இரண்டு, ரீஸ்டார்ட் செய்ய முடியாத சர்வீஸாக இருந்தால், உள்ளடக்கத்தை மட்டும் பூஜ்யமாக்குவது: புராசஸ் எண் 1234, கோப்பு எண் 3 என்றால் ட்ரங்கேட் -எஸ் 0 /ப்ராக்/1234/எஃப்டி/3. பெயரில்லாத கோப்புக்கும் இந்த வழியாகக் கை எட்டும். லாக்குக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்; டேட்டாபேஸ் திறந்து வைத்திருக்கும் கோப்பில் செய்தால் டேட்டாபேஸையே வெட்டின மாதிரி.

இங்கே சுடோ போடுகிறவர்கள் இடறும் ஒரு படி இருக்கிறது. சுடோவைப் போட்டு, கட்டளைக்குப் பின்னால் > குறி வைத்துக் கோப்பைக் காலி செய்யப் பார்த்தால் அனுமதி இல்லை என்று வரும், ஏனென்றால் > குறியைக் கையாள்வது உங்கள் ஷெல், அது ரூட் இல்லை. அதனால்தான் ட்ரங்கேட் கட்டளையைச் சொன்னேன்.

இதே கதவு வழியாக உள்ளே போய் மீட்கவும் முடியும். தவறுதலாக ஒரு முக்கியக் கோப்பை ஆர்எம் செய்துவிட்டீர்கள், ஆனால் அதை ஒரு புராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்றால், பதறி எதையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். சிபி /ப்ராக்/1234/எஃப்டி/3 என்று கொடுத்து வேறு டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். தரவு முழுசாகத் திரும்பி வரும், எழுதிக்கொண்டே இருக்கிற கோப்பாக இருந்தால் அந்த நொடிவரை உள்ளது வரும்.

லாக்கை எப்படிச் சுழற்றுவது

மேலே சொன்ன நிலைமை திரும்பத் திரும்ப வந்தால் லாக் சுழற்சியில் தவறு இருக்கிறது என்று பொருள். லாக்குகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட் கருவி பழைய லாக்கின் பெயரை மாற்றி, புதியதை உருவாக்கும். ஆனால் சர்வீஸ் திறந்து வைத்திருப்பது ஐநோடை, பெயரை இல்லை, அதனால் அது பெயர் மாறிய பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டு போகும். "கோப்பைத் திரும்பத் திற" என்று அதற்குச் சொல்ல வேண்டும். என்ஜின்எக்ஸ் என்றால் யூஎஸ்ஆர்1 சிக்னல், ஆர்சிஸ்லாக் என்றால் ஹெச்யூபி. லாக்ரொட்டேட் அமைப்பில் போஸ்ட்ரொட்டேட் பகுதியில் அந்த சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கால்வாசிப் பிரச்சினை அங்கேதான்.

சிக்னல் எதையும் காதில் வாங்காத புரோகிராம் என்றால் காப்பிட்ரங்கேட் என்ற வழி உண்டு: நகல் எடுத்துவிட்டு மூலத்தைப் பூஜ்யமாக்குவது. நகலெடுத்து முடிவதற்கும் பூஜ்யமாக்குவதற்கும் இடையில் எழுதப்படும் சில வரிகள் தொலையும், நகலெடுக்க இடமும் வேண்டும். டிஸ்க் 95 சதவீதத்தில் இருக்கும்போது 40 ஜிபி லாக்கை இப்படிச் சுழற்ற முயன்றால் லாக் சுழற்றியே டிஸ்க் நிரம்பும். டொயோட்டா கதையின் வாசனை இங்கேயே அடிக்கத் தொடங்குகிறது, பின்னால் வருகிறேன்.

இன்னொன்று. புரோகிராமின் வெளியீட்டை > போட்டு லாக்குக்கு அனுப்பியிருந்தால் அது "40 ஜிபி வரை எழுதிவிட்டேன்" என்ற இடத்தை நினைவில் வைத்திருக்கும். நீங்கள் கோப்பைப் பூஜ்யமாக்கினாலும் அடுத்த வரியை 40 ஜிபி தள்ளித்தான் எழுதும், நடுவில் வெறும் ஓட்டை. எல்எஸ் 40 ஜிபி என்று காட்டும், டியூ சில கிலோபைட் என்று காட்டும். இந்த ஓட்டைக் கோப்புகளுக்கு ஸ்பார்ஸ் என்று பெயர், ஓட்டைக்கு டிஸ்கில் இடம் செலவாகாது. ஆனால் சரியான ஆப்ஷன் இல்லாமல் வேறு சர்வருக்கு அனுப்பினால் அங்கே ஓட்டையெல்லாம் நிஜமான பூஜ்யங்களாகி 40 ஜிபியையும் பிடிக்கும் (ஆர்சிங்க், டார் இரண்டிலும் பெரிய எஸ் ஆப்ஷன் அதற்குத்தான்). முதலிலேயே >> போட்டிருந்தால் எப்போதும் கோப்பின் கடைசியில்தான் எழுதும், இந்தத் தொல்லையே இல்லை.

இடம் இருக்கிறது, ஆனாலும் இடமில்லை

டிஎஃப் -எச் பார்த்தால் 30 ஜிபி காலி. ஒரு பைட் கோப்பு உருவாக்கினாலும் "இடமில்லை" என்கிறது. இந்த நேரத்தில் பார்க்க வேண்டியது டிஎஃப் -ஐ. இந்த -ஐ ஐநோடுகளின் கணக்கைக் காட்டும். பிளாக் தீர்ந்தாலும் ஐநோடு தீர்ந்தாலும் கெர்னல் கொடுப்பது ஒரே பிழைதான், அதனால்தான் ஆட்கள் மணிக்கணக்கில் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

இஎக்ஸ்டி4 வகை ஃபைல்சிஸ்டத்தில் ஐநோடுகளின் எண்ணிக்கை அதை உருவாக்கும்போதே முடிவாகிவிடும். வழக்கமான அமைப்பில் 16 கிலோபைட்டுக்கு ஒன்று. 100 ஜிபி டிஸ்க் என்றால் 65,53,600. நிறையத்தான், ஆனால் 1 கிலோபைட் கோப்புகளாகவே சேர்ந்துகொண்டு போனால் டிஸ்கில் முக்கால் பங்கு காலியாக இருக்கும்போதே ஐநோடு தீர்ந்துவிடும். பிஎச்பி செஷன் கோப்புகள், படிக்க ஆளில்லாமல் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது) அனுப்பிக்கொண்டே இருக்கும் மெயில்கள், கேஷ் டைரக்டரிகள் எல்லாம் இந்த வேலையைச் செய்பவை. பிறகு கூட்ட வழி கிடையாது, ஃபைல்சிஸ்டத்தையே பெரிதாக்கலாம் அல்லது புதிதாக உருவாக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப ஐநோடுகளை உண்டாக்கிக்கொள்வதால் அங்கே இது அபூர்வம்.

எந்த டைரக்டரியில் கூட்டம் என்று பார்க்க டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ் -டி 1 போதும், பைட்டுக்குப் பதில் எண்ணிக்கையைக் காட்டும். கண்டுபிடித்து ஆர்எம் * கொடுத்தால் "ஆர்கியுமென்ட் பட்டியல் மிக நீளம்" என்று மறுக்கும். மறுப்பது ஆர்எம் அல்ல. நட்சத்திரத்தை லட்சக்கணக்கான பெயர்களாக விரிப்பது ஷெல், அவ்வளவு நீளமான பட்டியலை ஒரு புரோகிராமுக்குக் கொடுக்க கெர்னலில் வரம்பு இருக்கிறது (லினக்ஸில் வழக்கமாகச் சுமார் 2 எம்பி). ஃபைண்ட் ஒவ்வொன்றாகப் பார்த்து அழிப்பதால் அதற்கு இந்த வரம்பு இல்லை: ஃபைண்ட் . -டைப் எஃப் -எம்டைம் +7 -டெலிட், அதாவது ஏழு நாளுக்கு மேல் பழைய கோப்புகள்.

இந்த வரியில் வரிசை மிக முக்கியம். ஃபைண்ட் இடமிருந்து வலமாகச் சோதிக்கும். -டெலிட்டை முதலில் போட்டுவிட்டால் நிபந்தனை எதையும் பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு போகும். முதலில் -டெலிட் இல்லாமல் ஓட்டிப் பட்டியலைக் கண்ணால் பாருங்கள், பிறகு வரிக் கடைசியில் சேருங்கள்.

காணாமல் போன 5 சதவீதம்

இது சின்ன விஷயம். இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கு என்று ஒதுக்கி வைக்கும், டிஸ்க் நிரம்பினாலும் நிர்வாகி உள்ளே வந்து வேலை பார்க்க முடியவேண்டும் என்பதற்காக. அதனால்தான் டிஎஃப்-இல் பயன்பட்டதையும் காலியையும் கூட்டினால் மொத்தம் வராது. ரூட் டிஸ்குக்கு இது அவசியம். பேக்கப் மட்டும் வைக்கிற 4 டிபி டிஸ்கில் 200 ஜிபியை இப்படிப் பூட்டி வைப்பது வீண், டியூன்2எஃப்எஸ் -எம் 1 கொடுத்து ஒரு சதவீதமாகக் குறைக்கலாம், மவுண்ட்டில் இருக்கும்போதே.

டேட்டாபேஸில் அழிப்பது என்றால்

இப்போது டொயோட்டாவின் கேள்விக்கு வரலாம். ஃபைல்சிஸ்டத்தில் அழிப்பது பெயரை அடிப்பது என்றால், டேட்டாபேஸில் அழிப்பது இன்னும் ஒரு படி மேலே: அது ஒரு எழுதும் வேலை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை வைத்துச் சொல்கிறேன், பொதுவான கருத்து மற்றவற்றுக்கும் பொருந்தும்.

1. டெலிட் கொடுத்தால் வரிகள் "செத்தவை" என்று குறிக்கப்படும், அவ்வளவே. ஓடிக்கொண்டிருக்கும் வேறு டிரான்சாக்ஷனுக்கு அவை இன்னும் தேவைப்படலாம். கோப்பின் அளவு குறையாது.
2. ஒவ்வொரு அழிப்பும் முதலில் வால் (ரைட்-அஹெட் லாக்) என்ற லாக்கில் எழுதப்படும், நடுவில் மின்சாரம் போனால் மீள வேண்டும் அல்லவா? ஒரு கோடி வரியை அழித்தால் ஒரு கோடி அழிப்பும் அங்கே பதிவாகும். அழிக்க அழிக்க டிஸ்க் நிறையும் என்பதன் முதல் காரணம் இது.
3. பிறகு வேக்கம் வந்து செத்த வரிகளின் இடத்தை அதே டேபிளுக்குள் மறுபடி பயன்படுத்தத் தயாராக்கும். பெரும்பாலும் இயங்குதளத்துக்குத் திருப்பித் தராது.
4. திருப்பித் தர வேண்டும் என்றால் வேக்கம் ஃபுல். அது டேபிளை முழுசாகப் புதிய கோப்பில் எழுதி, முடிந்த பிறகே பழையதை விடும். 60 ஜிபி டேபிளில் 50 ஜிபி உயிருள்ள தரவு என்றால் இடையில் இன்னும் 50 ஜிபி வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் இன்னோடிபி டேபிளுக்கு ஆப்டிமைஸ் டேபிள் கொடுத்தாலும் டேபிளைப் புதிதாகக் கட்டும் வேலைதான், அதற்கும் கூடுதல் இடம் வேண்டும்.

ஆக, "அழித்து ஒழுங்குபடுத்துவது" என்பது டேட்டாபேஸ் உலகில் இடம் நிறையத் தேவைப்படுகிற வேலைகளில் ஒன்று. முழு டேபிளும் வேண்டாம் என்றால் ட்ரங்கேட் கொடுங்கள், அது வரி வரியாகப் போகாமல் டேபிளின் கோப்பையே விடுவிக்கும். தேதிவாரியாகப் பழையதை நீக்க வேண்டியிருந்தால் டேபிளை ஆரம்பத்திலேயே மாதவாரிப் பகுதிகளாகப் பிரித்து வைத்து, பழைய பகுதியை ட்ராப் செய்வதுதான் நல்ல வழி.

டொயோட்டா விவகாரத்தில் என்னை அதிகம் உறுத்துவது மாற்று ஏற்பாடுதான். ரெப்ளிகா என்பது மூலத்தில் நடப்பதை அப்படியே திருப்பிச் செய்வது, இரண்டிலும் ஒரே அளவு டிஸ்க் என்றால் ஒன்றில் நிறையும் நேரத்திலேயே மற்றதிலும் நிறையும். வன்பொருள் பழுதுக்குத்தான் அது காப்பு, டிஸ்க் நிறைவதற்கு இல்லை.

வால் டைரக்டரி நிறைந்தால் போஸ்ட்கிரெஸ் பேனிக் ஆகி நின்றுவிடும். மைஎஸ்க்யூஎல்லின் பழக்கம் வேறு, எழுதும் வேலையை நிறுத்தி வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் வந்ததா என்று எட்டிப் பார்க்கும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லாக்கில் புலம்பும். இரண்டிலும் செய்யக் கூடாத ஒன்று, டேட்டாபேஸ் டைரக்டரிக்குள் போய்க் கையால் எதையாவது அழிப்பது. போஸ்ட்கிரெஸில் வால் இருக்கும் டைரக்டரிக்கு முன்பு பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர். "லாக்தானே" என்று அழித்து டேட்டாபேஸையே இழந்தவர்கள் இருந்ததால் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் பெயரையே பிஜி_வால் என்று மாற்றிவிட்டார்கள். அது வீங்கிக்கொண்டே போனால் எப்போதோ செத்துப்போன ரெப்ளிகாவுக்காக ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் வாலைப் பிடித்து வைத்திருக்கிறதா, ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வர் நிறைந்து நிற்கும்போது

டெர்மினலில் டேப் விசையை அழுத்தினாலே பாஷ் "ஹியர் டாக்குமென்டுக்குத் தற்காலிகக் கோப்பு உருவாக்க முடியவில்லை" என்று புலம்பும் நிலையில் நீங்கள் உள்ளே வந்திருக்கிறீர்கள். நான் போகிற வரிசை இது:

1. டிஎஃப் -எச், அடுத்து டிஎஃப் -ஐ. எந்த மவுண்ட், பிளாக்கா ஐநோடா என்று முதலில் தீர்மானம்.
2. எல்எஸ்ஓஎஃப் +எல்1. பத்து நொடி வேலை, டியூவுக்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம்.
3. டியூ -எக்ஸ் -எச் -டி 1 / | சார்ட் -எச். இந்த -எக்ஸ் வேறு ஃபைல்சிஸ்டத்துக்குள் போகாமல் தடுக்கும்; அதை மறந்தால் நெட்வொர்க்கில் மவுண்ட் ஆன டிஸ்கையும் எண்ணிக்கொண்டிருக்கும். சார்ட் -எச் என்பது ஜி, எம், கே என்ற அளவுகளைப் புரிந்து வரிசைப்படுத்தும், வெறும் -என் போட்டால் 900 கிலோபைட் 2 ஜிபியைவிடப் பெரியது போல அதற்கு அடுத்து வந்து நிற்கும். என்சிடியூ இருந்தால் இந்த வேலை அம்புக்குறி விசைகளில் முடிந்துவிடும், அதிலும் -எக்ஸ் போடுங்கள்.
4. ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ். சிஸ்டம்டி ஜர்னல் ஃபைல்சிஸ்டத்தில் 10 சதவீதம்வரை, அதிகபட்சம் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். --வேக்கம்-சைஸ்=500எம் (எம் பெரிய எழுத்து) கொடுத்தால் சுருங்கும். மூடி வைத்த கோப்புகளை மட்டுமே அது தொடும் என்பதால் முன்னதாக --ரொட்டேட் கொடுக்க வேண்டும்.
5. டாக்கர் இருந்தால் டாக்கர் சிஸ்டம் டிஎஃப். அதோடு /வார்/லிப்/டாக்கர்/கன்டெய்னர்ஸ் அடியிலும் பாருங்கள்; கன்டெய்னர் லாக்குகளுக்கு வழக்கமான ஜேசன் முறையில் அளவு வரம்பே கிடையாது, நாம் வைத்தால்தான் உண்டு.
6. அவசரத்துக்கு ஒரு ஜிபி வேண்டுமென்றால் ஆப்ட் கிளீன், அல்லது டிஎன்எஃப் கிளீன் ஆல். திரும்பத் தரவிறக்கக்கூடியவை மட்டுமே போகும், அதனால் தைரியமாக ஓட்டலாம்.

இடமே இல்லாத டிஸ்கில் வைத்து எதையும் கம்ப்ரஸ் செய்யாதீர்கள். ஜிசிப் புதிய கோப்பை எழுதி முடித்த பிறகுதான் பழையதை அன்லிங்க் செய்யும். செட் -ஐ கூட அப்படித்தான், கோப்பை அங்கேயே திருத்துவது போலத் தெரிந்தாலும் புதிதாக ஒன்றை எழுதிப் பெயரை மாற்றிவைக்கிறது.

பழைய நிர்வாகிகள் சிலர் ஒவ்வொரு சர்வரிலும் 1 ஜிபி வெற்றுக் கோப்பு ஒன்றைப் போட்டு வைத்திருப்பார்கள், டிஸ்க் நிறையும் இரவில் முதல் வேலையாக அதை அழித்துவிட்டு மூச்சுவிட. நல்ல யோசனைதான், ஆனால் அதை எஃப்அலோகேட் -எல் 1ஜி கொண்டு உருவாக்குங்கள் (ஜி பெரிய எழுத்து). ட்ரங்கேட் -எஸ் 1ஜி கொண்டு உருவாக்கினால் எல்எஸ் ஒரு ஜிபி என்று காட்டும், உள்ளே முழுக்க ஓட்டை, அழித்தால் ஒரு பைட்டும் திரும்பி வராது.